செவிலி என்னும் பெயர்

காதில் விழும்போதே மெத்தென்று விழும் சொற்கள் தமிழில் சில உண்டு. செவிலி அவற்றுள் ஒன்று. மூன்றெழுத்தும் குறில், முதலில் நிற்கும் சகரத்தை விட்டால் வல்லோசை இல்லை, அச்சகரமும் மொழிமுதலில் வந்ததால் உரசி நழுவிப் போய்விடுகிறது, அதன்பின் வகரமும் லகரமும் இடையினத்துக்கே உரிய இழைவோடு வந்து அடங்குகின்றன. அலகிட்டால் புளிமா. அதே வேலைக்கு ஈழத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் தாதி என்ற சொல், நெடிலில் எழுந்து தேமாவாக நிற்பது. நர்ஸ் என்பதோ இரண்டு ஒற்றுகள் அடுத்தடுத்து வந்து தமிழ் வாய்க்கு இறங்க இடந்தராத முடிவு கொண்டது. ஆகவே நம் மக்கள் அதற்கு ஓர் உகரம் கொடுத்து நர்சு என்றார்கள், பிறகு உகரம் போதாதென்று ஓர் அம்மாவையும் கொடுத்து நர்சம்மா என்றார்கள்.

இந்த அம்மா எங்கிருந்து வந்தாள்? மரியாதைக்காக ஒட்டிக்கொண்டவள் என்று எண்ணலாம். ஆனால் நர்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லின் பின்னே பாலூட்டுபவள், ஊட்டி வளர்ப்பவள் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் நிற்கிறது. தாதியின் பின்னே நிற்கும் தாத்ரீ என்ற வடசொல்லும் பாலூட்டும் தாயைச் சுட்டியதே. விவிலியத் தமிழில் ரெபெக்காளை வளர்த்த தெபொராள் தாதி என்றே குறிக்கப்படுகிறாள். அவள் கையில் மருந்துக்குப்பி இல்லை, வளர்த்த பிள்ளையோடு அது வாழ்க்கைப்பட்ட ஊர்வரை போன துணை அவள். செவிலியும் அப்படியே வளர்ப்புத்தாய். உறவில்லாத மொழிக்குடும்பங்கள் தனித்தனியே தேடிப்போய், நோயாளியின் அருகில் நிற்பவருக்குப் பெயர் வைக்க ஒரே உருவத்தைத் தொட்டிருக்கின்றன. நர்சம்மாவிலுள்ள அம்மா, தன் வீட்டுக்கே திரும்பி வந்தவள்.

செவிலியர் கல்லூரிகளில் மனநலச் செவிலியம் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஊசி போடவும் கட்டுக்கட்டவும் கற்ற மாணவர், கட்டுவதற்குக் காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் முன் முதன்முதலாக உட்காரப் பழகுவது அந்தப் பாடத்தில்தான். நோக்குதல், கேட்டல், மறைகாத்தல், உறவுக்கு எல்லை வகுத்தல், உரிய காலத்தில் விடைகொடுத்தல் என்று அதன் அடிப்படைக் கருத்துகள் பாடநூலில் ஆங்கிலப் பெயர்களோடு வருகின்றன. சொல்லன்பரே, எனக்கு வியப்பாக இருப்பது இதுதான்: பொது மருத்துவத்தில் செவிலி என்ற பெயர் ஒரு நல்ல உவமையாகப் பொருந்துகிறது, மனநல வார்டிலோ அது ஏறத்தாழ நேர்ப்பொருளாகவே பொருந்துகிறது. ஏனென்றால் சங்கப் பாட்டின் செவிலி கவனித்துக்கொண்டிருந்த நோயும் உடம்பில் தெரிந்து உள்ளத்தில் இருந்த நோய்தான்.

வேரைத் தேடும்போது ஒரு சபலத்தைத் தாண்டியாக வேண்டும். செவிலி என்றதும் செவி நினைவுக்கு வரும். செவி கொடுத்துக் கேட்பவள் செவிலி என்று ஒரு வரி எழுதிவிடக் கை துறுதுறுக்கும். செவ்வி என்ற சொல்லும் பக்கத்தில் நின்று ஆசை காட்டும். ஒரு செய்தியைச் சொல்வதற்கு ஏற்ற பக்குவ நேரத்தைச் செவ்வி என்போம், சங்கத் தோழி ஓயாமல் செவ்வி பார்ப்பவள். இரண்டு பொருளும் மனநலப் பணிக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் ஒலி ஒப்புமை வேராகாது. இந்த அழகுகளை அடுத்த வீட்டுக்காரரின் தோட்டமாகவே வைத்து ரசிப்பது சொல்லாராய்ச்சிக்கு நல்லது. சொல்லின் பிறப்பை விட்டு, அது நடந்து வந்த தடத்தைப் பார்த்தாலே வேண்டியமட்டும் கிடைக்கிறது.

தொல்காப்பியத்தின் களவியல், தாய் என்று சிறப்பித்துச் சொல்லப்படுபவள் செவிலியே என்கிறது. பெற்றவளுக்கு நற்றாய் என்று தனியே ஓர் அடைமொழிப் பெயர் வேண்டியிருக்கிறது; தாய் என்று வாளா சொன்னால் அகப்பாட்டு மரபில் அது வளர்த்தவளையே குறிக்கும். இதற்கு நூல் காட்டும் காரணம் இன்னும் நயமானது: சொல்லற்கரிய மறைபொருளைப் பேசும் தகுதி உடையவள் அவள் என்பது. பாலூட்டியதையோ தாலாட்டியதையோ சொல்லவில்லை; மறையைத்தான் சொல்கிறது. ஒருவரின் அந்தரங்கத்தை யாரிடம் பேசமுடியுமோ அவரே தாய் என்று பெயர் பெறத் தக்கவர் என்ற வரையறை, இன்றைய மனநலச் செவிலியப் பாடத்தின் முதல் அலகில் வைக்கத் தக்கது.

பழைய உரைகளில் ஐவகைத் தாயர் என்று ஒரு பகுப்பு வரும். ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடிபயிற்றுவாள், கைத்தாய். ஆட்டுவாள் நீராட்டுபவள், ஓலுறுத்துவாள் தாலாட்டித் தூங்க வைப்பவள், நொடி என்பது சிறு சொல்லும் விடுகதையும், ஆகவே நொடிபயிற்றுவாள் பேச்சுப் பழக்குபவள். பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: கைத்தாயைத் தவிர எல்லாம் வினையிலிருந்து பிறந்த பெயர்கள், செய்யும் காரியத்தையே ஆளின் பெயராக்கியவை. கடுமையான மனச்சிதைவில் இருப்பவர் குளிப்பதை விட்டுவிடுகிறார், சாப்பாட்டைத் தொடுவதில்லை, இரவு உறங்குவதில்லை, பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அவரை மெல்ல அன்றாடத்துக்குத் திருப்பிக் கொண்டுவர ஒரு நாளில் செய்யவேண்டிய வேலைகளை எழுதினால், நீராட்டல், ஊட்டல், உறக்கம், பேச்சு என்று இந்த நான்கு தாயரின் பெயர்களே வரிசையாக வந்து நிற்கும். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. குழந்தைக்கு நாம் செய்கிறோம். நோயாளியைத் தாமே செய்துகொள்ளத் தூண்டுகிறோம். கையைப் பிடித்து ஊட்டிவிடுவது எளிது, தட்டை அருகில் நகர்த்திவிட்டுக் காத்திருப்பது கடினம் என்று அந்த வார்டில் இருந்தவர் எவரும் சொல்வார்.

நோக்குதலுக்கு வருவோம். மனநலச் செவிலியத்தில் குருதியழுத்தம் பார்ப்பதைப் போலவே தோற்றம், நடை, முகக்குறி, பேச்சின் வேகம், உறக்கம், உணவு ஆகியவற்றைப் பார்த்து எழுதும் வழக்கம் உண்டு. தமிழில் இந்தப் பார்வைக்கு ஓர் இயலே இருக்கிறது: தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். மெய் என்பது உடம்பு. படுதல் என்பது தோன்றுதல். உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தோன்றுவது மெய்ப்பாடு. மெய் என்பதற்கு உண்மை என்றும் பொருள் உண்டாகையால், உண்மை வெளிப்படுதல் என்று அந்தச் சொல் இரட்டை மகிழ்ச்சி தருகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொன்னதோடு நூல் நிற்கவில்லை. பிரிவுத் துயரில் இருப்பவளிடம் காணத்தக்கவை என்று ஒரு நீண்ட அடுக்கைத் தருகிறது: இன்பம் தந்தவற்றில் வெறுப்பு வருதல், பசி வருத்தியும் உண்ணாதிருத்தல், உடம்பு மெலிந்துகொண்டே போதல், கண் உறக்கத்தை மறுத்தல், கனவில் மயங்குதல், எதையும் ஐயுறல், நெஞ்சழிதல். இவை காதலைப் பற்றிய இலக்கணம்தான். அந்தக் காலத்தில் மனச்சோர்வு நோயைக் கண்டறிந்துவிட்டார்கள் என்று மார்தட்டினால் அது பிழை. ஆனால் விருப்பம் அற்றுப்போதல், பசியும் எடையும் குறைதல், தூக்கமின்மை என்று இன்றைய மாணவர் மனப்பாடம் செய்யும் அறிகுறிகளோடு இதை அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, உற்றுப் பார்த்த கண்கள் எந்தக் காலத்திலும் ஏறக்குறைய ஒன்றையே கண்டிருக்கின்றன என்று தெரியும். அவ்வியலின் முடிவில், கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணர வல்லவர்க்கே மெய்ப்பாடு பிடிபடும் என்ற கருத்தும் வருகிறது. கருவிகள் இரண்டே, கண்ணும் செவியும். மனநல வார்டில் இன்றும் அவைதாம் முதற்கருவிகள்.

அகப்பாட்டில் இப்படிப் பார்த்தவள் செவிலி. மகளின் தோள் மெலிவதையும் பசலையையும் உறக்கமின்மையையும் முதலில் கண்டவள் அவளே. சரியாகப் பார்த்தாள், பொருள் கொண்டதில்தான் சறுக்கினாள். கட்டுவிச்சியை அழைத்து முறத்தில் நெல் பரப்பிக் கட்டுப் பார்க்கச் சொன்னாள். முருகனின் பூசாரியான வேலனை அழைத்துக் கழங்கு உருட்டச் செய்தாள். முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று அவன் சொல்ல, களம் இழைத்து, மறி அறுத்து, வெறியாட்டு எடுத்தாள். உள்ளே இருந்தவளின் நோயோ வேறு. நற்றிணைப் பாட்டொன்றில் தோழி, அழைத்த மரியாதைக்காக வந்து நிற்கும் முருகனையே அறியாதவன் என்று கடிந்துகொள்கிறாள். சங்கப் புலவனுக்கு இருந்த துணிச்சலைப் பாருங்கள். கண்டதை எழுது, அதற்கு நீயாகப் பொருள் கற்பிக்காதே என்று மனநலச் செவிலியத்தில் மாணவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 'கோபமாக இருந்தார்' என்று நோட்டில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார். 'கதவை இருமுறை ஓங்கி அடைத்தார், கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை' என்று எழுதினால் விட்டுவிடுவார். செவிலிக்கும் வேலனுக்கும் நடுவே இருக்கும் தூரம் அதுதான்.

வெறி என்ற சொல் அந்தக் களத்தில் மணந்தது. மணம் என்றே அதற்கு ஒரு பொருள் உண்டு. தெய்வம் ஏறிய ஆட்டத்தின் பெயராக இருந்தது, பிறகு கள்ளின் மயக்கத்துக்கு வந்து, நாயின் நோய்க்கு வந்து, இன்று கொலைக்கு முன்னொட்டாக நிற்கிறது. மனநோயின் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சரிவு நேர்ந்திருக்கிறது. பித்தம் என்ற முக்குற்றங்களுள் ஒன்றின் பெயரிலிருந்து பித்து வந்தது. பித்தத்தால் ஆவது என்ற பொருளில் பைத்தியம் வந்தது. பிறக்கும்போது அது ஒரு நோய்க்காரணத்தைச் சொன்ன மருத்துவச் சொல், யாரையும் வைத சொல்லன்று. சிவனைப் பித்தன் என்று அழைத்த நாவுகள் அதை அன்பின் உச்சமாக்கின. தெருவோ அதை எறியும் கல்லாக்கியது. ஆங்கிலத்தில் நிலவின் பெயரால் லூனசி என்றார்கள். 1912ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் அந்தப் பெயரையே தாங்கி, 1987இல் இயற்றிய வேறு சட்டம் 1993இல் நடைமுறைக்கு வரும்வரை நடப்பில் இருந்தது. அமாவாசை வந்தால் இவருக்கு அதிகமாகிவிடும் என்று சொல்லும் வீடுகள் நம்மிடமும் உண்டு. இரண்டு நாட்டாரும் ஒரே நிலவைத்தான் குற்றஞ்சாட்டியிருக்கிறார்கள்.

ஊர்ப்பெயர்களும் தப்பவில்லை. சென்னையில் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த பித்தர் விடுதிக்கு 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை என்று பொருள்படப் பெயர் மாறியது. பின்னர் அது மனநல நிலையமாயிற்று. தமிழில் அதற்கு வழங்கும் பெயர் மனநலக் காப்பகம். நோய் என்ற சொல் போய் நலம் என்ற சொல் வந்தது நல்ல திருப்பம். ஆனால் பலகையில் பெயர் மாறினாலும் பேச்சில் மாறவில்லை: கீழ் என்னும் திசைப்பெயரும் பாக்கம் என்னும் நெய்தல் நிலத்து ஊர்ச்சொல்லும் சேர்ந்த அருமையான பழம்பெயர், 'இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்' என்ற கேலியில் போய்ச் சிக்கிக்கொண்டது. கொழும்புக்கு அருகிலுள்ள அங்கொடைக்கும் ஈழத்தமிழில் அதே கதி. 1961 முதல் கீழ்ப்பாக்கத்துக்குத் தலைமை ஏற்று நீண்டகாலம் நடத்தியவரும், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படுபவருமான சாரதா மேனன் போன்றோர் உள்ளே எவ்வளவோ மாற்றினார்கள். வெளியே ஊர்வாயை மாற்றுவது வேறு வேலை.

ஊர்வாய்க்குச் சங்கத் தமிழ் இரண்டு பெயர் வைத்திருந்தது. சிலர் தமக்குள் முணுமுணுப்பது அம்பல்; பலரும் வெளிப்படப் பேசுவது அலர். அலர் என்றால் மலர்தல். அம்பல் அரும்பு நிலை. பழிப்பேச்சை அரும்பாகவும் பூவாகவும் பார்த்த மொழி இது. மனநோயைச் சுற்றி நிற்கும் சமூகப் பழிக்கு இன்று களங்கம் என்ற சொல்லைப் பாடநூல்களில் காண்கிறோம். களங்கம் என்பது கறை, கறை படிந்தவர் மீது இருப்பது. அலரோ பேசுபவர் வாயில் இருப்பது. பழி எங்கே இருக்கிறது என்று காட்டும் வகையில் எனக்கு அலரே பிடித்திருக்கிறது. அலருக்கு அஞ்சித்தான் அன்றைய வீடு மகளை உள்ளே வைத்துக் காத்தது. அதற்கு இற்செறிப்பு என்று பெயர். அலருக்கு அஞ்சித்தான் இன்றைய வீடும் நோயுற்றவரைப் பின்னறையில் வைக்கிறது.

இங்கேதான் செவிலியின் பெயரில் ஒரு நிழலும் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுக்கு இன்னொரு பெயர் காவற்பெண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்தில் கண்ணகியின் செவிலி இந்தப் பெயராலேயே வருகிறாள். புறநானூற்றில் இப்பெயருடைய புலவர் ஒருவரும் இருக்கிறார். காவல் என்பது காப்பதும்தான், அடைப்பதும்தான். கா என்ற ஒரே அடியிலிருந்து காப்பும் காவலும் காப்பகமும் வந்தன. குழந்தைக்குப் போடுவதும் காப்பு, கைதிக்கு மாட்டுவதும் காப்பு. மனநலப் பணியின் வரலாறு முழுக்க இந்த இரண்டு காப்புகளுக்கும் இடையே நடந்த இழுபறி. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் இல்லம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பமுடியாமல் மாண்டார்கள். காக்கிறோம் என்ற பேரில் கட்டிவைத்திருந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. நலமாக இருக்கும்போதே தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டி எழுதிவைக்கும் உரிமையைத் தருகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே முதலில் கருதச் சொல்கிறது. காவற்பெண்டு என்ற பெயரில் முன்பாதியின் பிடியைத் தளர்த்துகிறது என்று அதைச் சொல்லலாம்.

உளைச்சல் என்ற சொல் வந்ததால் அதையும் தொட்டுவிடுகிறேன். கை கால் உளைச்சல் என்று நம் பாட்டிகள் சொல்லும் அதே உளைதல்தான் மனத்துக்கும் ஏறியது. உள்ளிருந்து குடையும் நோவு. செய்தித்தாள்கள் இப்போது மன அழுத்தம் என்ற ஒரே சொல்லைத் தேர்வு நாள் பதற்றத்துக்கும் எழுதுகின்றன, மாதக்கணக்கில் ஒருவரை முடக்கும் நோய்க்கும் எழுதுகின்றன. பின்னதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் கீழே அழுத்துதல் என்ற இலத்தீன் பொருளிலிருந்து வந்தது. அதன் நிழலாகவே இந்த அழுத்தம் வந்திருக்க வேண்டும். மனச்சோர்வு என்பது வேறு. சோர்தல் என்றால் நழுவுதல், தளர்தல், ஒழுகிப்போதல். சோர்ந்த கூந்தல், சோரும் கண்ணீர் என்று பழகிய சொல். அழுத்தம் வெளியிலிருந்து ஒன்று அமுக்குவதாகச் சொல்கிறது, சோர்வு உள்ளிருந்து ஒன்று வடிந்துபோவதாகச் சொல்கிறது. நோயாளிகளிடம் பேசிப் பாருங்கள், அவர்கள் சொல்வது பின்னதைத்தான். நெருக்கடிக்கு உளைச்சலும் நோய்க்குச் சோர்வும் என்று பிரித்துக்கொண்டால் அழுத்தத்தைக் குருதிக்கே விட்டுவிடலாம். பெயர் மாற்றம் வெறும் சொல்விளையாட்டு அன்று என்பதற்கு ஜப்பானியர் சான்று: மனம் பிளந்த நோய் என்று பொருள்பட்ட மனச்சிதைவின் பழைய பெயரை 2002இல் விட்டு, ஒருங்கிணைவு குலைந்த நிலை என்ற பெயரை ஏற்றார்கள். கொரியர் அதன்பின் நரம்புக் கருவிக்குச் சுருதி கூட்டும் சொல்லை எடுத்துவந்து பெயராக்கினார்கள். நம் மனச்சிதைவு இன்னும் சிதைந்தே கிடக்கிறது. யாழுக்கும் பண்ணுக்கும் இத்தனை சொல் வைத்திருக்கும் மொழியில் இதற்கு ஒரு மாற்று கிடைக்காமல் போகாது.

இனிக் கேட்டல். இந்தப் பாடத்தின் உயிர் என்று இதைத்தான் சொல்வார்கள், தமிழோ ஒரே வினையில் முடித்துவிட்டது. கேள் என்றால் செவியால் கேள் என்றும் பொருள், வினவு என்றும் பொருள். பாட்டுக் கேட்கிறோம், கணக்கும் கேட்கிறோம். வினாவும் செவிமடுத்தலும் ஒரு சொல்லின் இரு கைகள். அதே ஒலியில் கேள் என்ற பெயர்ச்சொல் உறவினரையும் நண்பரையும் குறித்து, கேளிர், கேண்மை என்று விரிந்தது. கேட்பவர் கேளாகிறார். மூடிய வினா, திறந்த வினா என்று மாணவருக்குப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். சாப்பிட்டீர்களா என்பது மூடியது, ராத்திரி எப்படிப் போச்சு என்பது திறந்தது. இரண்டாவதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளத் தெரிவதுதான் பயிற்சி. கிராமத்திலிருந்து வந்தவர் 'மனசு சரியில்ல' என்று தொடங்கமாட்டார். 'நெஞ்சு படபடங்குது', 'ஒரே யோசனையா இருக்கு', 'உடம்பெல்லாம் எரியுது' என்றுதான் தொடங்குவார். அந்தச் சொற்களை அப்படியே நோட்டில் ஏற்றவேண்டும். மெய்ப்பாடு அறிந்த மொழியின் மக்கள் அவர்கள்; மனத்தை உடம்பின் வழியாகத்தான் சொல்வார்கள்.

மறைகாத்தலுக்கு வந்தால் செவிலியை விட்டு அவள் மகளிடம் போகவேண்டும். தோழி செவிலியின் மகள் என்பது தொல்காப்பியம் சொல்லும் முறை. வீட்டில் எவருக்கும் தெரியாத களவுக் காதலை அறிந்தவள் அவள் ஒருத்திதான். நெடுநாள் வாய் திறக்கமாட்டாள். எப்போது திறப்பாள்? தலைவியின் உயிருக்கு ஆபத்து என்ற நிலை வரும்போது. அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். மறையை உடைத்தல் என்று வைக்கவில்லை, அறத்தின் பக்கம் நிற்றல் என்று வைத்தார்கள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடியும் தோழி செவிலியிடம் அறத்தொடு நிற்கும் ஒரே பேச்சு. எத்தனையோ பேரைக் கேட்டும் தெய்வங்களை வணங்கியும் நோயின் காரணம் தெரியாமல் கலங்கும் செவிலியிடம், 99 பூக்களின் பெயரையும் இடையே தொடுத்து, அச்சமூட்டாமல், பழிபோடாமல், நடந்ததை நடந்தபடி அவிழ்க்கிறாள். நோயாளி சொன்னதை வெளியே சொல்லாதே, அவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் உரியவரிடம், உரிய அளவில் சொல் என்று இன்றைய தொழிலறம் வகுக்கும் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுப் பேச்சு எனக்குத் தெரியவில்லை. மனநலச் செவிலியர் பாதி செவிலி, பாதி தோழி.

அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்டு பெப்லாவ் 1952இல் வெளியிட்ட நூல், மனநலச் செவிலியத்தின் நடுவில் மருந்துக்கு முன்பாக உறவை வைத்தது. செவிலியர் ஏற்கும் வேடங்களை அவர் எண்ணினார்: முதலில் அந்நியர், பின்னர் செய்தி தருபவர், ஆசிரியர், வழிநடத்துபவர், ஆற்றுப்படுத்துபவர். இவற்றோடு ஒன்று, பதிலாள்: நோயாளி தம் தாயையோ அக்காளையோ செவிலியரிடம் கண்டு, பழைய அன்பையும் பழைய கோபத்தையும் அவர்மேல் கொட்டுவது. அப்போது செவிலியர் அந்த அன்பில் மயங்கவும் கூடாது, கோபத்தில் சுருங்கவும் கூடாது. தாம் அவர் அல்லர், வேறு ஆள் என்று நோயாளியே மெல்ல உணரும்படி செய்யவேண்டும் என்றார். ஆங்கிலத்தில் இதை விளக்க ஓர் அத்தியாயம் வேண்டும். தமிழிலோ தொழிலின் பெயரே பதில்தாய். பெற்றவள் அல்லள், ஆயினும் தாய் என்று அழைக்கப்படுபவள். ஆங்கில வார்டிலிருந்து வந்த சிஸ்டர் என்ற அழைப்பு அக்காள் தங்கை உறவையும் கொண்டுவந்து சேர்த்தது. இத்தனை உறவுப்பெயர்களை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒருவர், உறவுக்கு எல்லை வகுப்பதில் மற்றவரைவிடக் கூடுதல் விழிப்போடு இருக்கவேண்டியிருக்கிறது. தொலைபேசி எண்ணைக் கொடுக்காதே, பரிசு வாங்காதே, உன் வீட்டுக் கதையைச் சொல்லி ஆறுதல் தேடாதே என்று மூத்தவர்கள் சொல்வது அதனால்தான்.

பெப்லாவின் உறவுக்கு ஒரு முடிவும் உண்டு. முதல் நாளிலேயே கடைசி நாளை மனத்தில் வைத்துத் தொடங்கச் சொல்கிறது பாடம். கலித்தொகையில் செவிலி, தலைவனோடு போய்விட்ட மகளைத் தேடிப் பாலைவழி நடக்கிறாள். எதிரே வரும் அந்தணரைக் கேட்கிறாள். சந்தனம் பிறந்த மலைக்கு அது உதவுவதில்லை, முத்து கடலுக்கு உதவுவதில்லை, இசை யாழுக்கே உதவுவதில்லை, பூசுபவர்க்கும் அணிபவர்க்கும் இசைப்பவர்க்குமே உதவும், வருந்தாதே என்ற பொருளில் அவர்கள் விடை சொல்கிறார்கள். குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய ஒரு பாட்டிலோ செவிலி மகளின் புதுமனைக்குப் போய், அவள் தன் கையால் சமைத்ததையும் கணவன் உண்டதையும் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்கிறாள். இடையில் தலையிடவில்லை, திருத்தவில்லை. வளர்த்தவள் விடைகொடுத்த பிறகு செய்யத்தக்க வேலை அவ்வளவுதான். நோய் தணிந்து வீடு திரும்பியவர் மாத்திரை எடுக்கிறாரா, வேலைக்குப் போகிறாரா, உறங்குகிறாரா என்று இல்லம் தேடிப்போய்ப் பார்த்துவரும் சமூக மனநலச் செவிலியரின் வருகைப் பதிவேடும் இந்த வகையைச் சேர்ந்ததே.

பெண்பாலுக்கே உரிய இந்தப் பெயர் ஆண்களுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மனநல வார்டுகளில் ஆண் செவிலியர் நெடுங்காலமாகவே உண்டு. செவிலியன் என்ற வடிவம் வழக்கில் வேரூன்றவில்லை. நல்லவேளை, அது வாயில் நிற்காது. பலர்பால் ஈறு மரியாதை ஒருமையாகவும் வழங்கும் நம் மரபு அந்தச் சிக்கலைச் சத்தமில்லாமல் தீர்த்துவிட்டது: செவிலியர் என்றால் ஆணுமாகும், பெண்ணுமாகும், ஒருவருமாகும், பலருமாகும். அரசாணையிலும் அறிவிப்புப் பலகையிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வார்டுக்குள் மட்டும் வழக்கு வேறு. சிஸ்டருக்கு இணையாக ஆண் செவிலியரைப் பிரதர் என்று கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் பழகிவிட்டால் அதுவும் போய் அண்ணே என்றாகிவிடுகிறது.